பிரிண்டர் ஆஃப்லைன்: டிரைவருக்குக் கிடைக்கும் பேர்

வைஃபை பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் என்ன செய்வது என்று சொல்லும் உதவிக் குறிப்புகள் பலவற்றை வரிசையாக வாசித்தேன். பெரும்பாலும் ஒரே மந்திரம்தான்: அணைத்துப் போடுங்க, டிரைவரை அழித்து மறுபடி நிறுவுங்க. சில சமயம் சரியாகியும் விடும். சிக்கலே அதுதான்.

ரவுட்டர் பிரிண்டருக்கு ஐபி முகவரியை வாடகைக்குத்தான் விடுகிறது. கரண்ட் போய் வந்ததும் பழைய பட்டியலை மறந்துவிடும் ரவுட்டர்கள் உண்டு. நேற்று 192.168.1.5, இன்று 192.168.1.8. விண்டோஸில் டிசிபி/ஐபி போர்ட் வழியாகச் சேர்த்திருந்தால், கணினி காலி பண்ணின வீட்டையே தட்டிக்கொண்டிருக்கும். டிரைவரை மறுபடி நிறுவும்போது புது முகவரியும் கூடவே பதிவாகிறது. பேர் என்னவோ டிரைவருக்கு! அடுத்த மின்வெட்டில் பழைய குருடி கதவைத் திறடி.

இந்தக் குறிப்புகள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றுதான். பிரிண்டரிலேயே நெட்வொர்க் அறிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். அதிலுள்ள முகவரியும் போர்ட்டில் உள்ள முகவரியும் ஒன்றா? இல்லையென்றால், ரவுட்டருக்குள் போய் அந்த பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிட்டு, போர்ட்டிலும் அதையே போடணும். பத்து நிமிஷ வேலை. ஒன்றுதான் என்றால், கணினி கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டரை அங்கிருந்து பெரும்பாலும் தொட முடியாது.

இருப்பதிலேயே மோசமான யோசனை ‘நெட்வொர்க் ரீசெட்’. யாரோ விவரமானவர் நிலையான ஐபி போட்டு வைத்திருந்தால் அதையும், வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதற்கப்புறம்தான் “கார்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்று யாராவது சொல்ல, நல்லா ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் பரணுக்குப் போகிறது.