சயாம் இருப்புப்பாதையும் தமிழ் நாவலும்

இரண்டாம் உலகப் போரைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்களை ஆராய்வோர் பெரும்பாலும் ப. சிங்காரத்தோடு தொடங்கி அவரோடே முடிப்பர். ‘புயலிலே ஒரு தோணி’யின் நடையும் நகைச்சுவையும் பழம்பாடல்களை அது எடுத்தாளும் திறமும் பலரால் விரித்துரைக்கப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் கூறுதல் நம் நோக்கம் அன்று. போரில் படைக்கலம் ஏந்தியவனுக்கு நம் இலக்கிய வரலாற்றில் கிடைத்த இடம், அப்போருக்காக மண் வெட்டியவனுக்குக் கிடைக்காமை ஏன் என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

மண் வெட்டிய களம் சயாம்–பர்மா இருப்புப்பாதை. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை 1942-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் இணைந்தது. கடல்வழி இடர்ப்பட்டமையின், பர்மாப் போர்முனைக்குப் படைக்கலமும் உணவும் செல்ல ஜப்பானியப் படை இதனை அமைத்தது. இதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000. அவருள் இறந்தோர் 12,000-க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 அளவினர் என்பது பெருவழக்கான மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அத்தொழிலாளருள் ஒரு பெரும் பகுதியினர்.

இத்தமிழர் நமக்கு அயலார் அல்லர். கங்காணிகள் மலாயாவுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களுள் தென்னார்க்காடு ஒன்று; விழுப்புரமும் திண்டிவனமும் அன்று அம்மாவட்டத்து ஊர்கள். ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய ஈரிடத்தும் இருந்த முகாம்களில் தங்கி அவர்கள் கப்பலேறினர். திண்டிவனத்திலிருந்து நாகைக்குப் புகைவண்டியில் செல்வோன் விழுப்புரம் சந்திப்பைக் கடத்தல் வேண்டும். அவ்வழி அன்று மீட்டர் அகலப் பாதை. மலாயா, சயாம், பர்மா ஆகிய மூன்று நாட்டுப் பாதைகளும் அதே அகலத்தன. அவ்வொருமையே பாங்காக்கையும் இரங்கூனையும் ஒரே தண்டவாளத்தால் பிணைக்கும் எண்ணத்துக்கு இடம் தந்தது. ஊரைவிட்டுச் சென்றவன் ஏறிய பாதையின் அகலமும், அவனோ அவன் மகனோ காட்டில் இட்ட பாதையின் அகலமும் ஒன்றே.

இப்பாதையைப் பற்றித் தமிழில் நாவல் இல்லை என்பார் கூற்றுப் பொருந்தாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ அதே பொருளை எடுத்துக்கொண்டது. இரண்டும் மலேசியாவில் எழுந்தவை. ஆதலின் ‘அயலகத் தமிழ் இலக்கியம்’ என்னும் தனிப் பெட்டியில் வைக்கப்படுகின்றன. முதுகலை மாணவர் அப்பெட்டியைத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் திறப்பதை நாம் அறிவோம்! இவற்றின் கட்டமைப்புத் தளர்ந்தது, உரையாடல் சிலவிடத்து விளக்கவுரை போல் நீள்கின்றது என்னும் குறைகளை நாமும் மறுக்கவில்லை. எனினும், வேல் வடிக்கும் கொல்லனையும் மறவாத புறப்பாடல் மரபுக்கு உரியவர் நாம். போர்த்தொழிலில் கூலியாய் மாண்டவனைப் பாடுபொருளாக்கிய நூல்களை நடையழகு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒதுக்குதல் முறையன்று.

ஒதுக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. இணைப்பு நிகழ்ந்த அக்டோபர் 17-க்கு நான்கு நாள் கழித்து, 21-ஆம் நாள், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அவ்வரசின் படையில் தோட்டத் தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். அவர்களுடைய உறவினரைக் காட்டுக்கு ஏற்றிச் சென்ற ஜப்பானே அப்படைக்குத் துணையரசு. இந்திய தேசிய இராணுவத்தார் பர்மாவுக்குச் சென்றதும் அவ்விருப்புப்பாதை வழியே. ஒரு குடும்பத்தில் தந்தை அப்பாதையில் மடிய, மகன் அதன்மேல் போர்முனைக்குச் சென்றிருத்தல் கூடும். விடுதலைப் போரின் பெருமிதமும் இருப்புப்பாதையின் துயரமும் ஒரே நூலுள் அடங்க மறுக்கின்றன. நம் திறனாய்வு முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதைக் கடல் கடந்தவர் பொறுப்பில் விட்டது.

சிங்காரமும் பின்னதை மையமாகக் கொள்ளவில்லை. ஆனால், அதனை விளங்கிக்கொள்ளும் கண்ணை அவர் தருகின்றார். மேடானில் வட்டிக்கடை வாழ்வை அறிந்து 1946-இல் தாயகம் திரும்பியவர் அவர். போரைக் கொடியின் பக்கம் நின்று மட்டும் காணாமல் பெட்டியடிப் பலகையின் பக்கம் நின்றும் காண்கின்றார். 1959-இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையா படையிலிருந்து பினாங்குக்கு மீள்கின்றான். முதலாளி வானாயீனாவுக்கு அவனது வீரம் தகுதியாகத் தோன்றவில்லை. தொழிலுக்கு ஆகாத குறையாகவே தோன்றுகின்றது. பேரரசுகள் மாறினும் கணக்கேடு தன் போக்கில் தொடர்கின்றது. ‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியனோ பிரிட்டனை எதிர்த்த படையில் இருந்தவன், பின்னர் டச்சுக்காரரை எதிர்க்கும் இந்தோனேசியப் போராளிகளோடு சேர்ந்து மடிகின்றான். சரணடைந்த ஜப்பானியப் படையினரையே அந்நாட்டில் காவலுக்கு நிறுத்திக்கொண்டது வெற்றி பெற்ற பிரிட்டன் என்னும் வரலாற்றோடு இணைத்துப் படித்தால், அம்முடிவின் கசப்பு மிகும். நேற்றைய பகை இன்றைய ஏவலாளாகும் விரைவைச் சிங்காரம் போல் உணர்த்திய பிறர் தமிழில் அரியர்.

சிங்காரத்தின் இரு நாவல்களும் போர் முடிந்ததை ஒட்டியே முற்றுப்பெறுகின்றன. கூட்டணிகள் அதன் பின்னும் மாறின. 1951-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் போர்க்கைதிகளுக்கு இழப்பீட்டுக்கு வழி வகுக்கப்பட்டது. கூலியாய்ச் சென்றவன் கைதி எனக் கருதப்படவில்லை. இந்தியா அம்மாநாட்டுக்குச் செல்லாது, 1952-இல் ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்து இழப்பீட்டுரிமையைக் கைவிட்டது. புதிய ஆசியாவின் நட்பை நாடிய அச்செயல் பெருந்தன்மையுடையதே. ஆயினும் விட்டுக்கொடுக்கப்பட்டது யாருடைய கடன் என்று கேட்போர் இலர். டோஜோ அமைச்சரவையில் வணிக, தொழில் அமைச்சராக விளங்கி, போர்க்குற்ற ஐயத்தில் சிறைப்பட்டு, 1948-இல் விசாரணையின்றி விடுவிக்கப்பட்ட கிஷி நொபுசுகே, 1957-இல் தலைமை அமைச்சராகப் புது தில்லிக்கு வந்தார். அடுத்த ஆண்டில் இந்தியாவுக்கு 1,800 கோடி யென் கடன் உடன்பாடாயிற்று. போர்க்காலத்தில் விமானமும் கப்பலும் செய்து, கட்டாய உழைப்பையும் பயன்படுத்திய மிட்சுபிஷி குழுமம் போருக்குப்பின் பிரிக்கப்பட்டது. பனிப்போர் வலுத்தபின் அதன் கூறுகள் படிப்படியாக மீண்டும் இணைந்தன.

அக்குழுமத்தின் பெயர் தாங்கிய மின்பொறிகளே 1960-களின் நடுப்பகுதியிலிருந்து சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, திண்டிவனம் வழியாக, மீட்டர் அகலப் பாதையில் வண்டிகளை இழுத்தன. தென்னார்க்காட்டார் பல்லாண்டு அவற்றில் பயணம் செய்தனர். அமெரிக்கப் போர்க்கைதிகளிடம் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் மன்னிப்புக் கேட்டது 2015-இல். கட்டாய உழைப்புக்காக மிட்சுபிஷி கனரகத் தொழிலகம் இழப்பீடு தரவேண்டுமெனத் தென்கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-இல். மரணப் பாதையில் ஓடிய நீராவிப்பொறி ஒன்று டோக்கியோவின் யசுகுனி ஆலயத்துக் காட்சிக்கூடத்தில் துலக்கி வைக்கப்பட்டுள்ளது. ‘நினைவுச்சின்னம்’ என ரெங்கசாமி இட்ட பெயரை இவற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அதனை மலேசிய இலக்கியத் தாளில் மட்டுமன்றித் தமிழ் நாவல் வரலாற்றுத் தாளிலும், சிங்காரத்தின் இரு நாவல்களுக்கு அடுத்து, வைத்தல் வேண்டும்.