அடைக்கலப் பொருளும் அறுந்த பட்டமும்

நட்பைப் பற்றி நம் முன்னோர் எழுதி வைத்ததில் பாதிக்கு மேல் நண்பனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான். குறளில் நட்பாராய்தல் உண்டு, பழைமை உண்டு, தீ நட்பு, கூடா நட்பு என்று தனித்தனி அதிகாரம் உண்டு. நாலடியாரில் நட்பிற் பிழை பொறுத்தல் என்றே ஓர் அதிகாரம். இவையெல்லாம் ஏமாறக் கூடியவனுக்கும் ஏமாந்து போனவனுக்கும் சொன்னவை. ஏமாற்றியவன் என்ன செய்வது? பிள்ளைப் பிராயத்திலிருந்து கூடவே இருந்து, தனக்காக அடியும் வாங்கிய ஒருவனை நட்டாற்றில் விட்டவன், பிற்காலத்தில் மனசு உறுத்தினால் எங்கே போவது? வள்ளுவர் செய்ந்நன்றியறிதலின் கடைசிக் குறளில் கதவைச் சாத்தி விடுகிறார். வேறு எந்த அறத்தை அழித்தவனுக்கும் தப்பும் வழி உண்டாம், நன்றியைக் கொன்றவனுக்கு மட்டும் இல்லையாம். புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழாரும், அறநூல் இப்படிச் சொல்கிறது என்று இதே கருத்தைத்தான் பாடுகிறார்.

வழி இல்லை என்றால் இல்லை என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் மூடவிட மாட்டேன் என்கிறார்கள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஆங்கிலப் பள்ளியில் படித்த நம் பேரன் பேத்திகள் பலர் வாசித்திருக்கும் ஒரு நாவல் இருக்கிறது. காலித் ஹொசைனி எழுதிய 'தி கைட் ரன்னர்'. 2003-இல் வந்தது, 2007-இல் சினிமாவாகவும் ஆயிற்று. ஆசிரியர் காபூலில் பிறந்து அமெரிக்காவில் டாக்டராக இருந்தவர். இந்த நாவலும் வள்ளுவர் சாத்திய கதவைத்தான் தட்டுகிறது. திறந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேட நம்மிடமே ஒரு பழைய நூல் உண்டு. யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

முதலில் நாவல். அமீர் பணக்கார வீட்டுப் பையன். ஹசன் அந்த வீட்டு வேலைக்காரன் அலியின் மகன், ஹசாரா இனத்தவன், எழுதப் படிக்கத் தெரியாதவன். 1975 குளிர்காலத்தில் பட்டப் போட்டி. மாஞ்சா நூலால் ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுக்க வேண்டும். அறுந்து போகும் கடைசிப் பட்டத்தை ஓடிப் பிடித்துக் கொண்டு வருவது பெரிய கௌரவம். சங்கராந்திக்கு மும்பையில் மொட்டை மாடிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீலப் பட்டத்தைப் பிடிக்க அமீருக்காக ஓடிய ஹசனை ஒரு சந்தில் மூன்று பையன்கள் மறித்துக் கொள்கிறார்கள். அவனுக்கு நடந்த கொடுமையை அமீர் மறைந்து நின்று பார்க்கிறான். தடுக்கவில்லை, ஓடிவிடுகிறான். அதோடு போகவில்லை. ஹசனின் முகத்தைப் பார்க்கவே முடியாமல், தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் அவன் படுக்கைக்கடியில் தானே வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுகிறான். ஹசனோ, "ஆமாம், நான்தான்" என்று ஒப்புக் கொள்கிறான்!

என்னைக் கேட்டால் நாவலின் உச்சம் அந்தச் சந்துக் காட்சி இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மாதுளங்காட்டுக் காட்சி வருகிறது, அதுதான். அமீர் மாதுளம் பழங்களை எடுத்து ஹசன் மேல் வீசுகிறான், திருப்பி அடி, அடி என்று கத்துகிறான். ஒரு அடி வாங்கினால் கணக்குத் தீர்ந்து நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறான். ஹசன் ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே உடைத்துக் கொண்டு போய்விடுகிறான். குற்றம் செய்தவன் தண்டனையைக் கூட அடுத்தவனிடமே கேட்டு வாங்கப் பார்க்கிறான் என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

இப்போது நம் நூல். மேருமந்தர புராணம். 1400-க்கும் மேற்பட்ட பாடல்கள். ஜின காஞ்சி என்னும் திருப்பருத்திக்குன்றத்தோடு தொடர்புடைய வாமன முனிவர் பாடியது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்திருக்காவிட்டால் நமக்கெல்லாம் எட்டியே இருக்காது. அதில் பத்திரமித்திரன் என்றொரு வணிகன் வருகிறான். பெயரைப் பாருங்கள், நல்ல நண்பன் என்று பொருள். கடல் கடந்து சம்பாதித்த இரத்தினங்களைச் சிங்கபுரத்து மந்திரி சிரீபூதியிடம் நம்பிக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர்களை அழைத்து வர ஊருக்குப் போகிறான். மந்திரிக்கு இன்னொரு பெயர் சத்தியகோஷன், உண்மையே பேசுகிறவன் என்று ஊர் கொடுத்த பட்டம். திரும்பி வந்து கேட்டால், "நீ யார்? எந்த இரத்தினம்?" என்கிறான். ஊரும் வணிகனைப் பைத்தியம் என்கிறது. சத்தியகோஷன் பொய் சொல்வானா?

வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் சேமிப்பைத் தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்து வைத்துப் போவது தாராவியில் சாதாரணம். ரசீது கேட்பது அவமரியாதை. அந்தப் பழக்கம் அறிந்தவர்களுக்குப் பத்திரமித்திரன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று தெரியும்.

ஆனால் அவன் ஹசன் மாதிரி வாயை மூடிக் கொள்ளவில்லை. தினமும் அரண்மனைக்குப் பக்கத்தில் மரத்தில் ஏறி, தன் வழக்கைக் கூவிச் சொல்கிறான். இராமதத்தை என்னும் அரசி ஒருத்திதான், ஒரே பேச்சைத் தினமும் மாற்றாமல் சொல்கிறவன் பைத்தியமாக இருக்க முடியாது என்று யோசிக்கிறாள். மந்திரியைச் சூதாட அழைத்து, மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளம் காட்டித் தாதியை அனுப்பி, அவன் வீட்டிலிருந்தே இரத்தினங்களை வரவழைக்கிறாள். அரசன் அவற்றை வேறு மணிகளோடு கலந்து வைக்க, வணிகன் தன்னுடையதை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொள்கிறான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நாவலில் அமீரின் அப்பா ஒரு கொள்கை வைத்திருக்கிறார். உலகத்தில் பாவம் ஒன்றுதான், திருட்டு. பொய் சொன்னால்கூட அடுத்தவனுக்கு உண்மை தெரியும் உரிமையைத் திருடுகிறாய் என்பார். ரொம்பக் கெட்டிக்காரப் பேச்சு. நம் ஆகமம் கணக்கை நேர்மாறாக எழுதியிருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொடுத்து வைத்ததை இல்லை என்று சொல்லும் நியாசாபகாரம் திருட்டுப் பக்கத்தில் வரவில்லை, சத்திய விரதத்துக்கு வரும் குற்றங்களில் வருகிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அப்படியே. பொய்யால் கெட்டவனுக்கு அவர் எடுத்த உதாரணமே இந்தச் சத்தியகோஷன்தான். ஒரு வியாபாரியாக எனக்கு இது முதலில் விநோதமாகப் பட்டது. யோசித்தால் சரி. பொருளைத் திருப்பிக் கொடுத்து விடலாம். பத்திரமித்திரன் இழந்தது தன் வாக்கை, 'நான் சொல்வது நிஜம்' என்று ஊரில் நிற்கும் தகுதியை. ஹசனும் அதைத்தான் இழந்தான், கடிகாரம் அமீர் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லையே!

சரி, மீட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் குடியேறி எழுத்தாளனாகிவிட்ட அமீருக்கு 2001-இல் பாகிஸ்தானிலிருந்து அழைப்பு. ஹசனும் மனைவியும் தாலிபான் கையில் செத்துப் போனார்கள், மகன் சொராப் அநாதை. ஹசன் உண்மையில் அமீருடைய அப்பாவுக்கே பிறந்தவன். அமீர் காபூல் போகிறான், அந்தப் பழைய கொடுமைக்காரனே தாலிபான் தலைவனாக எதிரே நிற்கிறான், செம்மையாக அடி வாங்குகிறான், பையனை மீட்டு வருகிறான். அன்று மாதுளங்காட்டில் கிடைக்காத அடி இங்கே கிடைத்துவிட்டது.

இங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஹசன் அண்ணன் தம்பி முறை ஆனவுடன் கடன் இரத்தக் கடன் ஆகிவிடுகிறது. அவன் கடைசி வரை வெறும் வேலைக்காரன் மகனாகவே இருந்திருந்தால் அமீர் அந்த விமானம் ஏறியிருப்பானா? ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம். உறவுக்காரனுக்குச் செய்வது எல்லாரும் செய்வதுதான். இரத்தம் சம்பந்தமில்லாதவன் நம்மை நம்பியதுதானே இந்தக் கதையின் பாரம்? பழைய எதிரியே மறுபடி வந்து நிற்பதும் சினிமாத்தனம். அதைவிடப் பெரிய குறை, மன்னிக்க வேண்டியவன் கதையில் உயிரோடு இல்லை. அவன் கடிதம் மட்டும் வருகிறது, அதிலும் ஒரு குறைச்சொல் கிடையாது.

வாமன முனிவரிடமும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சிரீபூதியின் நெஞ்சுக்குள் அவர் நுழைவதே இல்லை. பிடிபட்டான், தண்டனை வாங்கினான், வெறியோடு செத்தான், அரசனின் பொக்கிஷ அறையில் பாம்பாகப் பிறந்து அரசனைக் கடித்தான். அரசன் யானையாகப் பிறக்க, இவன் மறுபடி பாம்பாக வந்து அதையும் கடித்தான். தண்டனை கிடைத்தது, வருத்தம் வரவில்லை. அடி வாங்கினால் தீர்ந்துவிடும் என்ற அமீரின் கணக்குக்கு இதைவிடச் சரியான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

பத்திரமித்திரன் பாதை வேறு. மறுபிறவியில் அந்த இராமதத்தைக்கே மகனாகப் பிறந்து, சிங்கசந்திரன் என்ற பெயரில் துறவு பூண்டு, யானைக்கு அறம் சொல்லி அமைதிப்படுத்துகிறான். தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவளுக்குப் பிள்ளையாகப் பிறப்பது எவ்வளவு அழகான கற்பனை!

நூலின் திறவுகோல் இதற்கும் வெளியே இருக்கிறது. இத்தனை பிறவிக் கதையும் ஏன் சொல்லப்படுகிறது? சிரீபூதியின் உயிர் கடைசியில் ஒரு வித்தியாதரனாகப் பிறந்து, சஞ்சயந்தர் என்ற முனிவரை வதைக்கிறது. முனிவரின் தம்பி தரணேந்திரனாகப் பிறந்தவன், கோபத்தில் அவனைக் கட்டிப் போட்டுக் கொல்லப் போகிறான். ஆதித்தியாபன் என்னும் தேவன், வேறு யாருமில்லை, பழைய இராமதத்தையின் உயிர்தான், குறுக்கே வந்து, "பொறு, இவன் யார் தெரியுமா?" என்று கதையை ஆரம்பிக்கிறான். கேட்டு முடித்ததும் கட்டு அவிழ்கிறது. கொல்ல வந்தவனும் தடுத்தவனும் மறுபிறவியில் மந்தரன், மேரு என்ற இளவரசர்களாகப் பிறந்து, விமல தீர்த்தங்கரரின் கணதரர்களாகிறார்கள். நூலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இந்த இருவர்தான், துரோகி இல்லை. வள்ளுவரின் கதவு துரோகி பக்கமிருந்து திறக்காது என்பதை வாமனரும் ஒப்புக் கொள்கிறார். மறுபக்கத்திலிருந்து திறக்கலாம், அதுவும் நடந்ததை முழுக்கக் கேட்ட பிறகு.

மும்பையில் பர்யூஷணம் முடிந்தால் மிச்சாமி துக்கடம் என்று வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு ஒரே செய்தி போகும். நம் திகம்பர மரபிலும் தசலட்சணம் முடிந்து க்ஷமாவணி நாள் உண்டு. நூறு பேரில் உண்மையாகக் கேட்க வேண்டிய அந்த ஒருத்தரின் நம்பர் பெரும்பாலும் போனில் இருப்பதில்லை. ஊரில், ஒரே திண்ணையில் படித்த யாரோ ஒருவராக இருப்பார்.

அந்த வகையில் நாவலின் கடைசிப் பக்கங்களை நான் மதிக்கிறேன். சொராப் ஏறக்குறைய ஒரு வருஷம் வாயே திறப்பதில்லை. அமீர் எவ்வளவு செய்தும் பையன் அவனை மன்னித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. ஒரு பூங்காவில் பட்டம் அறுகிறது, பையன் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு, அறுந்த பட்டத்தைப் பிடிக்க இந்தத் தடவை அமீர் ஓடுகிறான், வயசான காலத்தில், குழந்தைகளோடு குழந்தையாக. பிடித்தானா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை.