நின்று அடி வாங்கும் அரக்கன்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ‘எட்ஜ்மாஸ்டர்ஸ் ஹேண்ட்கார்ட்ஸ்’ என்று ஒரு கையுறை உண்டு. 44ஆம் லெவலிலேயே மாட்டிக்கொள்ளலாம். பலத்தை ஏற்றாது, உயிரையும் கூட்டாது. கோடாரி, குத்துவாள், வாள் மூன்றிலும் திறமை 7 கூடும், அவ்வளவுதான். 2004இல் விளையாட்டு வெளிவந்த புதிதில் அதன் அருமை தெரிந்தவர்கள் குறைவு. 2019இல் அதே பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்று மறுபடி திறந்தபோதோ, 60ஆம் லெவல் போர்வீரர்கள் பலர் தேடி அலையும் பொருளாகிவிட்டது. ஏலக்கடையில் யானை விலை. கையுறையில் ஒரு தையல்கூட மாறவில்லை. இடையில் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கு அழகானது. ரெய்டில் (பலர் அணிசேர்ந்து போடும் சண்டையில்) வரும் பாஸ் 63ஆம் லெவலுக்குச் சமம். அதன் தற்காப்பு 315. நம் வீரனின் ஆயுதத் திறமை 300. இந்த 15 இடைவெளியால், நாம் பொத்தான் அழுத்தாமல் தானாக விழும் அடிகளில் (திரையில் வெள்ளை எழுத்தில் வருபவை) நூற்றுக்கு 40 சறுக்கிப்போகும். சறுக்கிய அடியில் சராசரியாக 35 சதவீத வலு போய்விடும். அதாவது 100 வீச்சுக்கு 14 வீச்சின் வலு வீண். கையுறையை மாட்டினால் திறமை 307. சறுக்கல் அப்போதும் 40தான். ஆனால் ஒவ்வொரு சறுக்கலிலும் போவது 7 சதவீதம் மட்டும். 14 என்ற இழப்பு 3க்குக் கீழே வந்துவிடுகிறது. பலமும் கிரிட்டும் அள்ளித் தரும் கையுறைகள் இதன்முன் பின்வாங்கிய காரணம் இதுதான்.

ரசிகனுக்கு விருந்து இதற்குப் பிறகுதான். மனித இனத்து வீரனுக்கு வாளில் பிறவியிலேயே 5 கூடுதல். அவன் 305இல் நிற்கிறான்; அவனுடைய இழப்பு ஏற்கெனவே 6தான். இந்தக் கையுறை அதை 2 ஆக்கும். கிடைக்கும் லாபம் மற்றவனுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. அவன் பலம் தரும் வேறு நல்ல கையுறையைத் தேடுவதே மேல். அவனே கோடாரியை எடுத்தால் மறுபடி 300, கணக்கு தலைகீழ். ‘போர்வீரனுக்குச் சிறந்த கையுறை’ என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர் எந்த இனம், எந்த ஆயுதம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நமக்காகத் தானே பதில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது கேள்வி ஒன்று எங்கள் பக்கத்தில் எழும்: சர்வர் எவ்வளவு தூரம்? இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் சர்வர் கிடையாது. புதுச்சேரிக்காரர்கள் பலருக்குப் பிரான்சில் உறவு உண்டு. அத்தை மகனும் சித்தப்பா மகனும் அங்கே ஆட, அரியாங்குப்பத்தில் இருப்பவரும் ஐரோப்பிய சர்வரில் சேர்வது இயல்பு. விரல் இங்கே அழுத்தியது அங்கே போய்ச் சேரக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தான் அழுத்தி அடிக்கும் அடி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நேரம் கசியும். வெள்ளை அடிக்கு அந்தக் கசிவு இல்லை. அது சர்வரிலேயே தன் தாளத்தில் விழுந்துகொண்டிருக்கும். ஆகவே பிங் (இந்தத் தாமதம்) அதிகமுள்ளவரின் மொத்த டேமேஜில் வெள்ளை அடியின் பங்கு கூடுகிறது. சறுக்கல் வெள்ளை அடிக்கு மட்டுமே உள்ள நோய். அப்படியென்றால் சர்வருக்குப் பக்கத்தில் வசிப்பவரைவிட நமக்கு ஆயுதத் திறமையின் மதிப்பு ஒரு படி அதிகம். ‘சிறந்த பொருள்கள்’ என்று வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலும் இதை எழுதுவதில்லை. நாமே போட்டுப் பார்க்க வேண்டியது.

இன்றைய வடிவத்துக்குக் கணக்குப் போட ‘சிமுலேஷன்கிராஃப்ட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே சண்டையை ஆயிரக்கணக்கான முறை கற்பனையில் நடத்தி, பகடையை உருட்டி உருட்டிச் சராசரி எடுக்கும். 1946இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியாகச் சீட்டாடியபோது தோன்றி, லாஸ் அலமோஸில் அணு ஆய்வுக்குப் பயன்பட்ட மான்டி கார்லோ முறையேதான். அந்த மென்பொருள் நாம் வேறு எதையும் சொல்லாவிட்டால் நடத்தும் சண்டைக்குப் பெயர் ‘பேட்ச்வெர்க்’. 2006இல் வந்த நாக்ஸ்ராமஸ் கோட்டையின் பாஸ் அவன். பிணச்சதையைத் தைத்து உருவாக்கிய அரக்கன். நெருப்புக் கக்க மாட்டான், பறக்க மாட்டான், குட்டிகளை ஏவ மாட்டான். நின்ற இடத்தில் நின்று அடித்து அடி வாங்குவான். சண்டை நீளம் சுமார் 300 நொடி. பட்டியலில் உள்ள ‘சிறந்த’ என்ற சொல் பெரும்பாலும் இவனுக்கு எதிரே, ஐந்து நிமிடம், நகராமல் நிற்பவருக்கான சிறந்தது.

சரி, அந்த அனுமானத்தையும் ஏற்றுக்கொள்வோம். ஒரு மோதிரம் இன்னொன்றைவிட 0.3 சதவீதம் மேல் என்று அந்த மென்பொருள் சொல்கிறது. 10,000 சண்டையின் சராசரி என்பதால் அந்த எண் திடமானதே. ஆனால் ஒரே ஒரு சண்டையில் நம் டேமேஜ் மேலும் கீழும் 4 சதவீதம் ஆடும் என்று வைத்துப் பாருங்கள். இந்த 0.3ஐ நம் சொந்த விளையாட்டில் ஓரளவு உறுதியாகக் காண, ஒவ்வொரு மோதிரத்தோடும் ஏறத்தாழ 1,400 முறை அந்தப் பாஸை அடிக்க வேண்டும். வித்தியாசம் உண்மை, அதை அனுபவிக்கத்தான் ஆயுள் போதாது. பட்டியலில் முதலிடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் பலமுறை இவ்வளவுதான். அந்த மோதிரத்துக்காக வாரக்கணக்கில் தூக்கம் கெடுத்து, கில்டில் சண்டை போட்டுப் பிரிந்த நல்ல ஆட்டக்காரர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

எண்ணுக்குப் பின்னால் உள்ள அனுமானத்தைக் கேள்வி கேட்கும் கலைக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945இல் தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலர், காலம் தெரிந்த ரோமானிய அரெட்டைன் பாண்டத் துண்டுகளை அளவுகோலாக வைத்து அந்த இடத்துக்குக் காலம் குறித்தார். 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி தோண்டிய விமலா பெக்லி, அதற்கும் வெகுமுன்பே அங்கே மக்கள் இருந்ததை எடுத்துக்காட்டினார். வீலர் கூட்டிக் கழித்ததில் தவறில்லை. ரோமச் சரக்கு வந்த காலத்தையே ஊர் பிறந்த காலமாக எடுத்துக்கொண்டதில்தான் எல்லாம் இருந்தது. பட்டியலைப் படிக்கும்போதும் என் கண் அப்படிப்பட்ட அனுமானத்தைத்தான் தேடும்.

கவசத்தைப் பற்றிய பழைய நம்பிக்கை இதற்கு நல்ல உதாரணம். 60ஆம் லெவல் எதிரியிடம் கவசம் 5,500 இருந்தால் அடி 50 சதவீதம் குறையும். 11,000க்கு 67 சதவீதம். 16,500க்கு 75. ‘போகப் போகப் பலன் தேய்கிறது, கவசத்தை விட்டு வேறு ஸ்டாட் தேடு’ என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். சதவீதத்தை விட்டுவிட்டு, சாகும்வரை எவ்வளவு அடி தாங்கலாம் என்று பாருங்கள்: கவசமே இல்லாதவனைப்போல் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு. தேய்மானம் எங்கே? 75 சதவீத உச்சவரம்பு வரும்வரை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே பலன். எண்களை மாற்றாமல் கேள்வியை மட்டும் மாற்றியதில் முடிவு கவிழ்ந்துவிட்டது.

டேங்க் ஆடுகிறவர்கள் (அணிக்காகப் பாஸின் அடியை வாங்குபவர்கள்) இன்னும் ஒரு படி போவார்கள். பாஸின் மூன்று அடி தொடர்ந்து விழுந்தால் ஆள் காலி என்றால், 30 சதவீதம் விலகும் திறன் உள்ளவருக்கு மூன்றும் விழ வாய்ப்பு 34 சதவீதம். திறனை 35 ஆக்கினால் 27. சராசரியில் பார்த்தால் நல்ல லாபம். அதே இடத்தில் கவசத்தைக் கூட்டி, சாக நான்காவது அடி தேவை என்ற நிலைக்கு வந்துவிட்டால், 30 சதவீதத்திலேயே வாய்ப்பு 24. அந்த நான்காவது அடிக்குள் உயிரூட்டும் ஹீலரின் கை வந்து சேர்ந்துவிடும் என்றால் கவசம். அவர் நிதானமாகக் கை வைப்பவர் என்றால் வேறு கணக்கு. அதனால் தேர்ந்த டேங்க், பட்டியலைத் திறக்கும் முன் தன் ஹீலரிடம் பேசிவிட்டுத்தான் பொருளை எடுப்பார்.