மீட்டெடுக்கும் நாளில் தெரியும்

கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து போட்ட பழைய வழி இன்றும் இருக்கிறது. வாகனங்கள்தான் இப்போது அதன் பக்கத்தால் போகின்றன. மலையைத் துளைப்பவன் கையில் கண்டி விழும் என்று ஒரு கதை உண்டு. வரலாறு அதற்கு ஒத்துவராது. இராச்சியம் 1815இல் பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே போய்விட்டது. வெள்ளைக்காரன் வீதி போட்டது 1820களில். ஆனாலும் வழி திறந்ததால்தான் காவல் போயிற்று என்று நினைக்கவே மனம் விரும்புகிறது. கணினிப் பேச்சிலும் இதே அவசரம் இருக்கிறது. வசதி என்றாலே பாதுகாப்புக்கு எதிரி என்று ஒரு கட்சி. பாதுகாப்பு என்றாலே தொல்லை என்று மறு கட்சி.

நடைமுறையில் சிக்கல் இப்படித்தான் வருகிறது. புதிய வின்டோஸ், நினைவகத்தில் தனியே பிரித்த ஓர் இடத்திலிருந்து, தன் உட்பகுதியில் ஏறும் ஒவ்வொரு டிரைவரையும் சோதிக்கிறது. பழைய பேக்கப் மென்பொருளின் டிரைவர் அந்தச் சோதனையில் தவறிவிடுகிறது. வட்டைப் பிரதியெடுக்க முடியவில்லை. திருத்தும் கடையில் கிடைக்கும் பதில், “அதை ஓஃப் பண்ணிட்டா சரி.” வேலை நடக்கும், உண்மைதான். ஆனால் பேக்கப் மென்பொருள் சாதாரண விருந்தாளி அல்ல. எல்லாக் கோப்பையும் வாசிக்கவும், வட்டு முழுவதையும் திருப்பி எழுதவும் அதற்கு அதிகாரம் உண்டு. அவ்வளவு அதிகாரமுள்ள ஒன்று சோதனையில் தோற்றால், தள்ள வேண்டியது அதைத்தான், சோதனையை அல்ல. அதன் ஓட்டையால் நுழையத் தெரிந்தவனுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும்.

அதற்காகப் பாதுகாப்புக் கட்சிக்கே முழு வெற்றி என்றும் சொல்ல முடியாது. 2007இல் வந்த விஸ்டா, தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்டது. மக்கள் வாசிக்காமலே ‘யெஸ்’ அழுத்தப் பழகினார்கள்; 2009இன் வின்டோஸ் 7 அந்தக் கேள்விகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2023 மே மாதத்தில் வந்த உதாரணம் இன்னும் கூர்மையானது. பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல், கணினி தொடங்கும் கட்டத்திலேயே புகுந்துகொண்டது. அதை அடைக்கும் திருத்தத்தை முழுமையாகச் செயற்படுத்தினால், முன்னர் செய்துவைத்த மீட்பு வட்டுகளும் யூஎஸ்பிகளும் அந்தக் கணினியைத் தொடக்காது. அதனால் மைக்ரோசொப்ட் நிறுவனமே அந்தப் பகுதியை அணைத்த நிலையில் வெளியிட்டு, கட்டம் கட்டமாகக் கொண்டுவரத் தீர்மானித்தது. பூட்டு செய்தவனே தயங்கியிருக்கிறான். அந்தத் தயக்கத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை.

2024 ஜூலை 19இல் காவல்காரனே வீட்டுக்காரனைக் கீழே தள்ளினான். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் தவறான இற்றைப்படுத்தலால், மைக்ரோசொப்டின் கணிப்பின்படி 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் விழுந்தன. ஒரு கோப்பை அழித்தால் எழுப்பிவிடலாம். ஆனால் வின்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லொக்கர் பூட்டிய கணினிகள் முதலில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. அந்தச் சாவி சில இடங்களில் எங்கே இருந்தது? அதே போல விழுந்துகிடந்த இன்னொரு கணினியில்.

நம் நாட்டு உதாரணம்தான் எனக்குத் தீர்மானமாகப் படுகிறது. 2023 ஒகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. கிட்டத்தட்ட 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள். அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான தரவு திரும்பவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள்; அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. மேம்படுத்தும் திட்டம் 2021இலேயே இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் பொறுப்பான நிறுவனத்தின் முன்னைய பணிப்பாளர் சபையின் சில முடிவுகளாலும் தாமதித்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். பழைய மென்பொருள் வாசலைத் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்து வேலை அழிந்ததற்கு அது மட்டும் காரணமல்ல. அந்தக் காலத்துக்குக் கழற்றிவைத்த பிரதி ஒன்று இருக்கவில்லை. இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. இந்த வகை மென்பொருள் வின்டோஸ் தானாக எடுத்துவைக்கும் நிழற் பிரதிகளையும் முதல் வேலையாக அழிக்கப் பார்க்கும். எப்போதும் செருகியே கிடக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் வசதிதான். திருடனுக்கும் வசதி.

ஆகவே என் தீர்ப்பு இரு கட்சிக்கும் பிடிக்காது. பேக்கப் மென்பொருளுக்காகப் பாதுகாப்பை அணைக்கச் சொல்வது தவறு. மென்பொருளை மாற்றுங்கள், இல்லையேல் கோப்புகளை மட்டுமாவது சாதாரணமாகப் பிரதியெடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் தள்ளிப்போடலாம், ஆனால் புதிய மீட்பு யூஎஸ்பி செய்து முடிக்கும் வரை மட்டும். இரண்டுக்கும் மேலே நான் வைப்பது கழற்றிவைத்த பிரதியை. அதுவும் அதே அலுமாரியில் அல்ல: 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளைக் கண்ட கண்டி மாவட்டத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, பிட்லொக்கர் போட்ட வட்டை ஓடும் வின்டோஸிலிருந்து பிரதியெடுத்தால் அந்தப் பிரதி பூட்டு இல்லாமலே போய்ச் சேரும். அதற்குத் தனியாகக் கடவுச்சொல் போட வேண்டும்.

வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்தால், வட்டுப் பூட்டு பெரும்பாலும் கேட்காமலே விழுந்துவிடுகிறது. உங்கள் கணினியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதுங்கள். மடிக்கணினிப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.