பழைய டி3500

மும்பை அணுசக்தி நகரிலிருந்து ஃபோர்ட் போரா பஜாருக்குக் கேமரா வாங்கப் போனேன். என் பட்ஜெட்டுக்குப் பழசுதான் கட்டுப்படியாகும். 2018-இல் வந்த நிக்கான் டி3500, பேட்டரியோடு 415 கிராம்; விரல்கள் தானாகப் போய் உட்காரும் கைப்பிடி. அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழுந்து விழும் அந்த 'டக்', செல்போன் தராத சுகம்!

ஒரு வம்பு: பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாயிற்றே என்று ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். ஏஎஃப்-எஸ் 35 எம்எம் எஃப்/1.8 போதும். சென்சார் சிறியதென்பதால் ஏறக்குறைய 52 எம்எம் போலப் பார்க்கும். அந்தி மங்கிய செம்பூர்ப் பூக்கடைக்கும் தாங்கும். செவ்ரி சேற்றில் நிற்கும் பூநாரை மட்டும் எட்டாது. அதற்கு டெலி லென்ஸ். தீபாவளி போனஸ் வரட்டும்.