இடைநிலை கிராபிக்ஸ் கார்டுகள்: விலையும் நினைவகமும்

புதுச்சேரி நகரிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் கோரிமேட்டைத் தாண்டினால் தமிழகம் தொடங்கிவிடும். பல பொருள்களுக்குப் புதுச்சேரியில் விற்பனை வரி குறைவாக இருந்த காலத்தில், எல்லையின் எந்தப் பக்கம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே விலை மாறியது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபின், கணினியின் காட்சிகளைக் கணித்துத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கோரிமேட்டிலும் சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவிலும் ஒரே 18 விழுக்காடு வரிதான். ஆகவே, விலைக் குறைவை இனி உற்பத்தியாளர்களுக்கு இடையிலான போட்டியிலிருந்தே எதிர்பார்க்க முடியும்.

அந்தப் போட்டி நெடுங்காலம் என்விடியா, ஏஎம்டி என்ற இரு நிறுவனங்களுக்குள் அடங்கியிருந்தது. பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாடும், எத்திரியம் என்னும் மறையீட்டு நாணயத்தை ஈட்டுவதற்காகக் கார்டுகளை மொத்தமாக வாங்கிக் குவித்த போக்கும் சேர்ந்து விலையை அறிவிக்கப்பட்டதைவிட வெகுவாக உயர்த்தின. 2022 செப்டம்பரில் எத்திரியம் தன் கணக்கிடும் முறையை மாற்றிக்கொண்டதால் அந்தத் தேவை அற்றுப்போயிற்று. அடுத்த மாதமே இன்டெல் தன் ஆர்க் வரிசையின் ஏ750, ஏ770 கார்டுகளோடு இந்தப் பிரிவில் நுழைந்தது. 2024 டிசம்பரில் அந்நிறுவனம் 12 ஜிபி நினைவகம் கொண்ட பி580 கார்டை 249 டாலருக்கு அறிவித்தது. 2025 மே மாதத்தில் என்விடியா 8 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060 கார்டை 299 டாலருக்கும், ஜூனில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டை 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர் என இரு வடிவங்களிலும் வெளியிட்டன. டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டு வரியையும் சேர்த்தால், 249, 299, 349 டாலர் என்னும் இந்த அறிவிப்பு விலைகள் முறையே ஏறத்தாழ 25,000, 30,000, 35,000 ரூபாய் ஆகும். கடை விலை இதற்கு மேலும் கீழும் அமையலாம்.

இவற்றை மதிப்பிட முதன்மையான அளவுகோல், காட்சிக்குரிய தரவுகளைக் கார்டிலேயே வைத்திருக்கும் வி-ரேம் என்னும் நினைவகத்தின் கொள்ளளவே. அது நிரம்பிவிட்டால் மிஞ்சிய தரவு மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகக் கணினியின் பொது ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அலைய நேர்வதால், சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் காட்சி விட்டுவிட்டு நின்று ஓடுகிறது. ஆர்டிஎக்ஸ் 5060 இந்தப் பாதையின் பதினாறு தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. எனவே பழைய மூன்றாம் தலைமுறைப் பாதை உள்ள கணினியில் இக்குறை மேலும் வெளிப்படும். 9060 எக்ஸ்டி பதினாறு தடங்களையும் பயன்படுத்துவது அதற்குரிய சிறப்பாகும்.

பி580 விலைக்கு மிகுதியான நினைவகம் தந்தாலும், செயலி வி-ரேம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக உதவும் ‘ரீசைசபிள் பார்’ வசதி இல்லாத கணினியில் அதன் திறன் பெரிதும் குறைகிறது; அதன் டிரைவர் மென்பொருள் செயலிக்குக் கூடுதல் சுமை தருவதால், பழைய ஆறு கோர் செயலிகளோடு இணைக்கும்போதும் பின்தங்குகிறது. மின் நுகர்விலும் 5060 கார்டுக்கு 145 வாட், 16 ஜிபி 9060 எக்ஸ்டிக்கு 160 வாட் போதுமானபோது, பி580 கார்டுக்கு 190 வாட் தேவைப்படுவதால் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி தரமானதாக இருக்க வேண்டும். 5060 கார்டின் வலிமை, குறைந்த நுணுக்கத்தில் வரைந்த காட்சியைக் கூர்மையாகப் பெருக்கும் டிஎல்எஸ்எஸ் நுட்பமும், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் கிடைக்கும் வேகமும் ஆகும்.

ஒரே பெயரில் இருவேறு நினைவக அளவுகளை விற்பது வாங்குவோரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் வழக்கம் என்பதால், பெட்டியின்மேல் உள்ள ஜிபி எண்ணைப் பார்த்த பின்னரே பணம் செலுத்த வேண்டும். என்விடியாவின் 16 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டின் அறிவிப்பு விலை 429 டாலர். அதைவிட 80 டாலர் குறைவாக அறிவிக்கப்பட்ட 16 ஜிபி 9060 எக்ஸ்டியே, நான்கைந்து ஆண்டுகள் பயன்படுத்த எண்ணுவோருக்கு இப்பிரிவில் சிறந்த தேர்வு. 25,000 ரூபாயைத் தாண்ட இயலாதவர்கள், கணினி புதியதாக இருந்தால் பி580 கார்டை வாங்கலாம். 8 ஜிபி கார்டை 30,000 ரூபாய் கொடுத்து வாங்குவது, 1080பி திரையோடு நிறைவடைவோருக்கும் என்விடியா சார்ந்த மென்பொருளில் பணிபுரிவோருக்கும் மட்டுமே பொருந்தும்.