சீனித்துளசிக்கு எது பட்டம்?

சீனித்துளசி இலையைக் கிள்ளி வாயில் போட்டால் முதலில் இனிக்கும். பிறகு அடிநாக்கில் லேசாகக் கசக்கும். பெயரில்தான் துளசி இருக்கிறதே தவிர, இது சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்துச் செடி. பராகுவேயின் அமம்பாய் மலைப்பகுதியிலிருந்து வந்தது. அங்குள்ள குவாரனி மக்களுக்குப் பழக்கமான இந்தச் செடியை மொய்சேஸ் பெர்டோனி 1899இல் தாவரவியலில் பதிவு செய்தார்.

"குளிர் விலகியதும் நடுங்கள், தாமதித்தால் விளைச்சல் குறையும்" என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. இமயமலை அடிவாரத்துப் பாலம்பூரில் இது முற்றிலும் சரி. சாமந்தியைப் போலவே சீனித்துளசியும் பகல் குறுகினால் பூக்கும். பெரும்பாலான வகைகளுக்கு அந்த எல்லை 12 முதல் 13 மணி நேரம். பாலம்பூரில் ஆனி மாதப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். பங்குனியில் நட்ட செடி அந்த நீண்ட பகல் முழுவதையும் இலையாக மாற்றிக்கொள்ளும். பிந்தி நட்டதோ முழங்கால் உயரம் வருமுன்பே மொட்டு வைத்துவிடும். மொட்டு வைத்தபின் புது இலை வருவது குறையும், இருக்கும் இலையின் இனிப்பும் இறங்கத் தொடங்கும். ஆக அங்கே நடவுத் தேதிதான் விளைச்சல்.

இதே விளக்கத்தைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே எடுத்துவருவதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. கன்னியாகுமரியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. எந்த மாதம் நட்டாலும் செடி பூக்கும் எல்லைக்கு அருகிலேயே நிற்கிறது. பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட இரவில் விளக்குப் போடுவார்கள். அந்த வேலையை நம் வானம் சீனித்துளசிக்குச் செய்து தராது.

அப்படியானால் இங்கே பட்டமே வேண்டாமா? வேண்டும், ஆனால் காரணம் வேறு. தை, மாசியில் நட்டால் கோடை உக்கிரமாகும் முன் வேர் பிடித்துவிடும். மூன்று, நான்கு மாதத்தில் வரும் முதல் அறுவடைக்கு நல்ல வெயிலும் கிடைக்கும். அறுத்த தழை சீக்கிரம் காய வேண்டும். ஈரத்தில் கிடந்தால் கறுத்து, இனிப்பும் குறைந்துவிடும். மற்ற பயிர்களுக்குக் கைகொடுக்கும் ஆடிப்பட்டம் இங்கே காலைவாரிவிடுவது இதனால்தான். ஆடியில் நட்டால் முதல் அறுவடை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்து விழும். அப்போது எந்தக் களத்தில் காயப்போடுவது? மழைக்காலத்திலேயே நடுவது இன்னும் மோசம். தண்ணீர் தேங்கினால் இதன் மெல்லிய வேர் அழுகிவிடும். தப்பிப் பிழைப்பதும் நான்கு கிளை விடுமுன் பூத்துவிடும்.

தை நடவுக்கும் குறை உண்டு. மாசிக் கடைசி வரை இழுத்தடித்து நட்டால் இளங்கன்று சித்திரை வெயிலில் கருகும். அடிக்கடி தண்ணீர் விடக் கிணற்றில் நீர் இருக்க வேண்டும். விதை சரியாக முளைக்காததால் தண்டுத் துண்டையோ திசு வளர்ப்புக் கன்றையோதான் நம்ப வேண்டும். பத்து நாள் காய்ந்தால் போட்ட காசெல்லாம் போய்விடும்.

ஆனாலும் பட்டத்தைப் பற்றிய பேச்சு முழுவதிலும் எனக்கு உறுத்துவது வேறொன்று. சீனித்துளசி ஒருமுறை நட்டு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் அறுக்கும் பயிர். நட்ட தேதியின் செல்வாக்கு முதல் அறுவடையோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு மறுதாம்புக்கும் அறுத்த நாள்தான் நட்ட நாள். முதல் அறுவடையின் பச்சை எடையை மட்டும் வைத்து ஒரு மாதத்தைச் சிறந்தது என்று தீர்மானித்தால், விவசாயி மற்ற அறுவடைகளில் ஏமாறுவார். அந்த எடையிலும் தண்டு சேர்ந்திருக்கும். தண்டில் இனிப்பு சொற்பம், பணம் காய்ந்த இலைக்குத்தான்.

வயலில் குனிந்து பார்த்தால் கிளை நுனியில் கடுகு போல வெள்ளை மொட்டு கூட்டமாக எட்டிப்பார்க்கும். அதற்குச் சற்று முன்புதான் இலையில் இனிப்பு உச்சத்தில் இருக்கும். அறுவடைக்கு நாள் இருந்தால் அந்த நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக்கிளை வெடித்து இலை கூடும். நாள் நெருங்கிவிட்டால், வானம் தெளிந்திருக்கும்போதே அரிவாளை எடுத்துவிட வேண்டும்.